கணினிக்கு வயதாகவில்லை, பெரட்டு நீண்டுவிட்டது



என் நான்காம் படிவ வகுப்பில் ஒரு மாணவி மூன்று வாரம் தொடர்ந்து வீட்டுப்பாடத்தை டெலிமாவில் ஏற்றவில்லை. கேட்டபோது, "நேரம் கிடைக்கவில்லை, டீச்சர்" என்றாள். எல்லாரும் சொல்லும் சாக்குதானே என்று நினைத்து, வகுப்பின் முன்னிலையிலேயே கடிந்துகொண்டேன். அன்று மாலை அவளுடைய அம்மா என்னைக் கைப்பேசியில் அழைத்தார். குறை சொல்ல அவர் அழைக்கவில்லை. விளக்கம் சொல்லவே அழைத்தார்.

வீட்டில் ஒரே கணினி, பிள்ளைகள் மூவர். இரவில் ஆளுக்கு ஒரு மணி நேரம். மின்கட்டணம் ஏறிவிடும் என்று ஒருவர் முடித்ததும் அப்பா கணினியை அணைக்கச் சொல்லிவிடுவார். அடுத்தவர் திறந்தால், அது வேலைக்குத் தயாராக ஏழு நிமிடம் ஆகும். சில நாள் அதற்கும் மேல். "கடையில் காட்டினோம். பழையதாகிவிட்டது, வேறு வாங்குங்கள் என்கிறார்கள். தவணையில் ஒன்று எடுக்கலாமா என்று அவள் அப்பா யோசிக்கிறார், டீச்சர்" என்றார்.

அன்றிரவு நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 7 நிமிடம். வாரத்தில் 5 நாள். பள்ளி நடக்கும் வாரங்கள் 40 என்று வைத்துக்கொண்டால் 1,400 நிமிடம். அதாவது 23 மணி நேரத்துக்கும் மேல். ஏறக்குறைய ஒரு முழு நாளை அந்தப் பிள்ளை வெறும் திரையைப் பார்த்தபடியே கழிக்கிறாள். அதற்கு நான் வைத்த பெயர் சோம்பல்!

அந்த வெட்கத்தில் எழுதும் கட்டுரை இது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெதுவாகத் தொடங்கும் பழைய கணினிகளில் பெரும்பாலானவை தூக்கி எறியத் தக்கவை அல்ல. 'பழசு' என்பது காரணமே அல்ல. காரணத்தைத் தேட மனமில்லாதவர்கள் சொல்லும் சொல் அது. இரும்பு துருப்பிடிப்பதுபோல் கணினியின் செயலி ஆண்டுக்கு ஆண்டு வேகம் குறைவதில்லை. வாங்கிய நாளில் எத்தனை கணக்குப் போட்டதோ, இன்றும் அத்தனை கணக்கைப் போடும். அப்படியானால் எது மாறியது? அதைக் கண்டுபிடிப்பது அறிவியல் மாணவர்களாகிய உங்கள் வேலை.

பொத்தானை அழுத்தியதும்

கணினியைத் தொடக்குவதை 'பூட்' செய்வது என்கிறோம். தன் காலணியின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற ஆங்கில வழக்கிலிருந்து வந்த சொல் அது. ஏன் அப்படி ஒரு பெயர்? ஒரு நிரலை நினைவகத்தில் ஏற்ற இன்னொரு நிரல் வேண்டும். ஆனால் மின்சாரம் நின்றதும் 'ரேம்' நினைவகம் துடைத்த பலகையாகிவிடும். அப்படியிருக்க, முதல் நிரலை யார் ஏற்றுவது?

அதற்காகவே தாய்ப்பலகையில் ஒரு சிறு சில்லு இருக்கிறது. மின்சாரம் போனாலும் அதில் எழுதியது அழியாது. பழைய கணினிகளில் இதிலுள்ள நிரலுக்குப் 'பயோஸ்' என்று பெயர். 1970களில் கேரி கில்டால் என்ற அமெரிக்கர் தம் சி.பி.எம். இயங்குதளத்தில் பயன்படுத்திய பெயர் இது. இன்றைய கணினிகளில் அதன் இடத்தை 'யு.இ.எஃப்.ஐ.' பிடித்திருக்கிறது. இந்த நிரல் முதலில் நினைவகம், விசைப்பலகை, வட்டு எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்கும். பிறகு வட்டிலிருந்து இயங்குதளத்தின் உட்கருவை ஏற்றும். அடுத்து, திரை, ஒலி, வைஃபை ஆகியவற்றை இயக்கும் நிரல்கள் வரும். நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டியதும், 'தொடங்கும்போதே நானும் வருவேன்' என்று பெயர் பதிந்து வைத்திருக்கும் செயலிகள் ஒவ்வொன்றாக வரும்.

இந்தக் கடைசிக் கட்டத்தைக் கவனியுங்கள். என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அந்தத் தோட்டம் இன்று பாதி செம்பனை, பாதி தாமான். விடியுமுன் பெரட்டுக் களத்தில் எல்லாரும் கூட வேண்டும் என்று பாட்டி சொல்வார். கிராணியார் பெயர் கூப்பிட்டு, நிரை பிரித்துக் கொடுத்த பிறகுதான் வேலைக்காட்டுக்குப் போக முடியும். பெரட்டு நீண்டால் பால் குறையும். இதில் அறிவியல் இருக்கிறது. விடியற்காலைக் குளிர்ச்சியில் ரப்பர் மரத்தின் பால் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் ஆவியாகி அந்த அழுத்தம் இறங்கும். பால் ஓட்டமும் தளரும். களத்தில் வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் வாளியில் தெரியும்.

உங்கள் கணினியிலும் ஒரு பெரட்டு நடக்கிறது. வாங்கிய நாளில் ஐந்தாறு பெயர்கள்தாம் இருந்திருக்கும். பிறகு விளையாட்டு ஒன்றை நிறுவினீர்கள், அது ஒரு பெயரைச் சேர்த்தது. பிரிண்டர் ஒன்று, பாட்டுக் கேட்கும் செயலி ஒன்று, காணொளிச் சந்திப்புக்கு ஒன்று என்று ஆளுக்கொரு பெயர் சேர்ந்தது. பிரிண்டர் பழுதாகிப் பழைய சாமான் லாரியில் போய்விட்டது. அதன் பெயர் மட்டும் இன்னும் பட்டியலில் இருக்கிறது. தினமும் பெயரைக் கூப்பிடுகிறார்கள், அதுவும் வந்து நிற்கிறது. வேலை மட்டும் இல்லை.

ஓர் ஊசியும் ஒரு தட்டும்

கூட்டம் மட்டுமே காரணம் என்றால் பட்டியலைக் குறைத்தால் போதும். பழைய கணினிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது வன்தட்டு, நாம் ஹார்ட் டிஸ்க் என்போமே, அதுதான்.

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் 50 தட்டுகள் இருந்தன. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 5 மெகாபைட் கொள்ளும். இன்று நீங்கள் எடுக்கும் ஒரு படத்துக்கே அது சரியாகப் போகும். அளவு எவ்வளவோ சுருங்கினாலும் செயல்படும் விதம் அன்றிருந்ததுதான். காந்தப் பூச்சுள்ள தட்டு சுழலும். ஒரு கை நகர்ந்து வேண்டிய வளையத்தின்மேல் நிற்கும். தகவல் இருக்கும் இடம் சுழன்று வரும்வரை காத்திருக்கும்.

கணக்குப் போடுவோமா? பழைய மடிக்கணினிகளில் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 60 ÷ 5,400, அதாவது சுமார் 11 மில்லிவினாடி. சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும், அது 5.5 மில்லிவினாடி. கை நகர ஏறக்குறைய 10 மில்லிவினாடி. ஆக, ஒரு துண்டுத் தகவலைத் தேடி எடுக்கச் சுமார் 15 மில்லிவினாடி. இது கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு என்பீர்கள். உண்மைதான். ஆனால் கணினி தொடங்கும்போது ஒரு துண்டு போதாது. வட்டில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் 10,000 துண்டுகளைப் படிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 × 15 மில்லிவினாடி = 150 வினாடி. செயலி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் இந்த இரண்டரை நிமிடம் அது கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கத்தான் வேண்டும். பெரட்டில் ஆள் ஐம்பது பேர், பெயர் எழுதும் கிராணியார் ஒருவர் என்றால் என்ன ஆகும்? அதேதான்.

எஸ்.எஸ்.டி. என்ற வட்டில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. தகவல் மின்னூட்டமாகச் சில்லுகளில் இருக்கிறது. இதற்கு அடிப்படையான ஃப்ளாஷ் நினைவகம் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா என்பவர் 1980களில் கண்டுபிடித்தது. ஒரு துண்டை எடுக்க அதற்கு 0.1 மில்லிவினாடி அளவே ஆகும். மேலே போட்ட கணக்கில் 150 வினாடி 1 வினாடியாகிவிடும். 'பழைய' கணினி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் 'பழைய வட்டு' என்பது புரிகிறதா?

இந்த மாற்றத்தை நம் நாடே அனுபவித்திருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் வன்தட்டு செய்துவந்த தன் ஆலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2018 ஜூலையில் அறிவித்தது. வன்தட்டுக்குத் தேவை குறைகிறது என்பது அது சொன்ன காரணம். அதே நிறுவனம் பினாங்கில் எஸ்.எஸ்.டி. உற்பத்தியை விரிவாக்கியது. இண்டெல் 1972-லேயே பினாங்குக்கு வந்துவிட்டது. நம் ஈப்போவில் கார்செம், யுனிசெம் ஆலைகளில் சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கிறார்கள். தோட்டம் விட்டு வந்த குடும்பங்களின் அக்காமார்கள் பலர் ஷிப்ட் வேலைக்கு ஆலைப் பேருந்தில் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சில்லு செய்யும் ஊரில் பிறந்துவிட்டு, சில்லு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் 'பழசு' என்ற ஒரு சொல்லுக்குத் தலையாட்டலாமா?

அளந்த பிறகே கை வையுங்கள்

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு அறிவியல் படித்தவர்களுக்குத் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி நினைவிருக்கும். தேர்வோடு மறந்துவிடும் பாடம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். என் வீட்டுக் கணினியில் நானே அதை மறந்தேன். ஒரே இரவில் ஐந்து மாற்றங்கள் செய்தேன். வேகம் கூடியது, ஆனால் எதனால் கூடியது என்று தெரியவில்லை. போதாக்குறைக்கு ஒலி வேலை செய்யாமல் போனது. எந்த மாற்றம் அதைக் கெடுத்தது என்றும் தெரியவில்லை. மாணவர்களுக்குக் கற்பிப்பதைத் தன் வீட்டில் செய்யாத ஆசிரியருக்கு அது நல்ல தண்டனை.

ஆகவே முதலில் அளவுங்கள். பொத்தானை அழுத்தியதும் கைப்பேசியில் நேரத்தைத் தொடக்குங்கள். திரை வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். உலாவி திறந்து ஒரு பக்கம் முழுமையாகத் தெரியும்போது நிறுத்துங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். அதன்பின் ஒரு மாற்றம் மட்டும் செய்து மீண்டும் அளவுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் கணினி முழுமையாக அணைவதில்லை. அடுத்த முறை விரைவாகத் தொடங்குவதற்காக உட்கருவின் நிலையை வட்டில் எழுதி வைத்துவிடும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். எனவே ஒரு நாள் ஷட் டவுன், மறுநாள் ரீஸ்டார்ட் என்று மாற்றி மாற்றி அளந்தால் உங்கள் முடிவுகளை ஒப்பிட முடியாது. கணினி கோளாறு செய்யும்போது 'ரீஸ்டார்ட் பண்ணிப் பார்' என்று அண்ணன்மார் சொல்வதன் காரணமும் இதுதான்.

எந்த வரிசையில் செய்வது?

எல்லாவற்றுக்கும் முன், கோப்புகளைப் பிரதி எடுங்கள். திடீரென்று மெதுவாகிவிட்ட கணினியும் வட்டிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வரும் கணினியும் வேறு வகை. அங்கே வட்டு சாகப் போகிறது என்று பொருள் கொள்ளலாம். அக்காவின் திருமணப் படங்களும் உங்கள் எஸ்.பி.எம். பயிற்சிகளும் அதற்குள் இருக்கின்றன. வேகம் பிறகு, முதலில் அவற்றைக் காப்பாற்றுங்கள்.

இரண்டாவது, பெரட்டுப் பட்டியல். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' வரும். அதில் 'ஸ்டார்ட்அப்' பகுதியில் தொடக்கத்தில் வரும் செயலிகள் எல்லாம் இருக்கும். தேவையற்றதைத் தேர்ந்து 'டிசேபிள்' கொடுங்கள். செயலி அழியாது, கூப்பிட்டால் மட்டும் வரும். வைரஸ் தடுப்பை நிறுத்த வேண்டாம். பெயர் தெரியாத ஒன்று இருந்தால், அது என்னவென்று தேடிப் படித்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, இடமும் நினைவகமும். வட்டு நிரம்பி வழிந்தால் இயங்குதளத்துக்கு மூச்சுவிட இடமிருக்காது. ரேம் 4 கிகாபைட்தான் என்றால் அது விரைவில் நிரம்பிவிடும். பிறகு கணினி மெதுவான வட்டையே நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கும். பல கணினிகளில் ரேமைக் கூட்டலாம். சில மடிக்கணினிகளில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்குமுன் பாருங்கள்.

நான்காவது, வட்டை மாற்றுவது. செலவு இங்குதான், பலனும் இங்குதான். புதிய மடிக்கணினியின் விலையோடு ஒப்பிட்டால் சிறிய எஸ்.எஸ்.டி.யின் விலை அதில் சிறு பங்குதான். மின்கம்பியைக் கழற்றி, மின்கலத்தை எடுத்து, உலோகத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். மின்விசிறியில் அடைந்த தூசியையும் அப்போதே துடைத்துவிடலாம். சூடேறினால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஐந்தாவது, காசே ஆகாத ஒன்று. அடுத்தவர் உடனே உட்காரப் போகிறார் என்றால் அணைக்காமல் உறக்க நிலையில் விடுங்கள். அந்நிலையில் கணினி சில வாட் மின்சாரமே இழுக்கும். அதற்கு எத்தனை காசு ஆகும் என்று நீங்களே கணக்கிட்டு அப்பாவிடம் காட்டுங்கள். ஈப்போவின் பிற்பகல் இடி மின்னல் நேரத்தில் மட்டும் முழுமையாக அணைத்து, பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

செய்யக்கூடாதது ஒன்றும் உண்டு. 'ஒரே கிளிக்கில் பத்து மடங்கு வேகம்' என்று இலவசமாக வரும் நிரல்களை நிறுவாதீர்கள். அவற்றில் பல, தாமும் அந்தப் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொள்ளும். சில, இல்லாத நோயைக் காட்டிப் பணம் கேட்கும். களத்தில் கூட்டம் அதிகம் என்று புகார் சொல்ல இன்னும் நான்கு பேரை அனுப்புவதுபோல் இது.

மறுத்துச் சொல்பவர்களுக்கு

"இப்படி ஒட்டுப்போட்டு எத்தனை நாள் ஓட்டுவது? காலத்தோடு போக வேண்டாமா?" என்று சிலர் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. ஏறக்குறைய 2018-க்கு முன் வந்த பெரும்பாலான கணினிகள் விண்டோஸ் 11-இன் தகுதிப் பட்டியலில் இல்லை. பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் அம்மாவின் வங்கிக் கணக்கைத் திறப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் அங்கேயும் வழி அடைபடவில்லை. லினுஸ் தோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் 1991-இல், தம் 21ஆம் வயதில் தொடங்கிய லினக்ஸ் இருக்கிறது. லினக்ஸ் மிண்ட், லுபுண்டு போன்றவை இலவசம். பழைய கணினியிலும் ஓடும். திருத்தங்களும் தொடர்ந்து வரும். முதலில் ஒரு பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு நிறுவலாம். டெலிமாவுக்கும் கட்டுரை எழுதவும் ஓர் உலாவி போதும்.

எல்லாப் பழைய கணினியையும் காப்பாற்ற முடியும் என்று நான் சொல்லவில்லை. தாய்ப்பலகை போனால், செலவு அதன் மதிப்பைத் தாண்டினால், விட்டுவிடுங்கள். அப்போதும் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மின்னணுக் கழிவு நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி 'எஸ்.டபிள்யூ. 110' என்று குறிக்கப்பட்ட அட்டவணைக் கழிவு. அதில் ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் உண்டு. சுற்றுச்சூழல் துறையின் அனுமதி பெற்ற சேகரிப்பு இடங்களில் மட்டும் கொடுங்கள். ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரிம உமிழ்வில் பெரும்பகுதி அது ஆலையில் உருவாகும்போதே நடந்துவிடுகிறது. இன்னும் மூன்றாண்டு கூடுதலாக ஓட்டினால் அந்தச் சுமையை அத்தனை ஆண்டுகளுக்குப் பகிர்ந்துவிட்டீர்கள் என்று பொருள்.

அந்த வீட்டில்

ஒரு சனிக்கிழமை அந்த மாணவியின் வீட்டுக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அளந்தோம். கைப்பேசி அவளிடம், நோட்டுப் புத்தகம் தம்பியிடம். மூன்று முறைக்குச் சராசரி 6 நிமிடம் 42 வினாடி. பட்டியலில் 14 பெயர்கள் இருந்தன. 9 பெயர்களை அவளே படித்துப் பார்த்து நிறுத்தினாள். 4 நிமிடம் 15 வினாடி. அப்பா ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிவர, அடுத்த வாரம் அதை மாற்றினோம். 38 வினாடி. தம்பி நம்பாமல் நான்காவது முறையும் அளந்தான்.

தவணை எடுக்கும் பேச்சு நின்றுவிட்டது. ஆனால் என் மனத்தில் நின்றது அந்த 38 வினாடி அல்ல. கடைக்காரர் 'பழசு' என்றபோது பேசாமல் நின்ற அதே அப்பா, மகளிடம் "எதனால் குறைந்தது, சொல்லு" என்று கேட்டு, அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

மாணவர்களே, இன்றிரவு உங்கள் வீட்டுக் கணினியை அளந்து பாருங்கள். எண்ணை எழுதி வையுங்கள். ஒரு மாற்றம், ஓர் அளவு. மீண்டும் ஒரு மாற்றம், ஓர் அளவு. முடிந்ததும் பக்கத்து வீட்டுக் கணினியையும் பார்த்துக் கொடுங்கள். என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வீட்டுப்பாடம் வராத பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், அவள் வீட்டுக் கணினி தொடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.